கூடிச் செய்கிற வேலை: செரோக்கி மக்களின் இன்றைய வாழ்க்கை



2020 டிசம்பரில் கொரோனா தடுப்பூசி வந்தபோது எல்லா அரசுகளுக்கும் ஒரே கேள்வி: முதல் ஊசி யாருக்கு? மருத்துவர்கள், செவிலியர்கள், வயதானவர்கள் என்று எல்லா ஊர்ப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் இருக்கும் ஓர் அரசு அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் இன்னொரு பிரிவினரையும் சேர்த்தது: செரோக்கி மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள். அந்தத் தொற்றில் மொழி தெரிந்த பெரியவர்கள் பலரை அதற்குள் பறிகொடுத்திருந்தார்கள். இனி ஒருவரையும் இழக்க முடியாது என்று முடிவெடுத்தார்கள்.

அந்த அரசின் பெயர் செரோக்கி நேஷன். தலைநகரம் டாலிக்வா. குடிமக்கள் நாலரை லட்சம் பேருக்கு மேல்; அமெரிக்கப் பழங்குடி அரசுகளில் பதிவுபெற்ற உறுப்பினர்கள் மிகுதியாக உள்ளது இதுதான். அந்த நாலரை லட்சத்தில் செரோக்கியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. பெரும்பாலும் முதியவர்கள். 2019இல் செரோக்கியரின் மூன்று அரசுகளும் கூடி, மொழிக்கு நெருக்கடி நிலையை அறிவித்தன. புயலுக்கும் வெள்ளத்துக்கும் அறிவிப்பது மாதிரியான அறிவிப்பு.

மூன்று அரசுகள் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். ஓக்லஹோமாவில் செரோக்கி நேஷன் ஒன்று. அதே டாலிக்வாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிட்டூவா ஐக்கியக் குழு இன்னொன்று. மூன்றாவது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, வட கரோலினாவின் மலைகளில் வாழும் கிழக்குச் செரோக்கியர். ஒரே மக்கள் ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கிறார்கள் என்பதற்குள் அவர்களுடைய வரலாறு முழுவதும் இருக்கிறது.

நம்மில் பலருக்கு அமெரிக்கப் பழங்குடி என்றால் சினிமாவில் பார்த்த உருவம்தான்: தலை நிறைய இறகு, குதிரை, கூம்புக் கூடாரம். அது நடுச் சமவெளி மக்களின் கோலம். செரோக்கியர் தெற்கு அப்பலாச்சிய மலைகளில் ஆற்றங்கரை ஊர்களில் வீடு கட்டி, சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். சோளம் என்று நான் சொல்வது மக்காச்சோளத்தை. அவர்களுடைய கதைகளில் அதைத் தந்தவள் செலு என்னும் தாய். குலம் தாய்வழியில் வரும், ஏழு குலங்கள். 1821இல் செக்வோயா என்பவர் அந்த மொழிக்கு எழுத்து அமைத்து முடித்தார். எந்த மொழியையும் வாசிக்கத் தெரியாத ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு முழு எழுத்துமுறையை உருவாக்கியது உலக வரலாற்றிலேயே மிக அரிது. நம் உயிர்மெய் போல ஏறக்குறைய ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. ஆனால் கவும் காவும் கியும் நம் கண்ணுக்கு உறவாகத் தெரிவதுபோல அங்கே தெரியாது. 85 எழுத்தும் தனித்தனி உருவம். இருந்தும் சில ஆண்டுகளுக்குள் மக்களில் பெரும்பகுதியினர் வாசிக்கக் கற்றுவிட்டார்கள். 1828 பிப்ரவரி 21இல் ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டாவிலிருந்து ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இரண்டு மொழியில் வந்தது. அமெரிக்கப் பழங்குடியினர் நடத்திய முதல் செய்தித்தாள். அந்தப் பெயரில் இன்றும் ஒரு பத்திரிகை டாலிக்வாவிலிருந்து வருகிறது.

அதன்பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 1830இல் பழங்குடியினரை அப்புறப்படுத்தும் சட்டம். 1832இல் உச்ச நீதிமன்றம் செரோக்கியர் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் பயனில்லை. 1838, 39இல் ஏறக்குறைய 16,000 பேரைப் படை வைத்து வெளியேற்றி மிசிசிப்பிக்கு அப்பால் நடத்திச் சென்றார்கள். நாலில் ஒருவர் இறந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ‘கண்ணீர்ப் பாதை’ என்ற பெயர் அதற்குத்தான். மலைகளில் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள்தான் கிழக்குச் செரோக்கியர்.

செரோக்கியரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நடந்து வந்து சேர்ந்தவர்கள் 1839 செப்டம்பர் 6ஆம் தேதியே புதிய அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். 1844இல் உச்ச நீதிமன்றக் கட்டடம் எழுப்பினார்கள். அது டாலிக்வாவில் இன்றும் நிற்கிறது. 1851இல் பெண்களுக்கு உயர்கல்விக் கூடம் திறந்தார்கள். வழியில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வளவும் செய்தார்கள் என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் டாலிக்வாவில் நடக்கும் செரோக்கித் தேசியத் திருநாள் இந்தச் சாசனத்தின் நினைவாகத்தான். 1953 முதல் நடக்கிறது. துக்க நாளைத் தேர்ந்தெடுக்காமல் சட்டம் எழுதிய நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாவது அடி 1898 முதல் 1907 வரை விழுந்தது. பொதுநிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தார்கள், அரசை முடக்கினார்கள், ஓக்லஹோமா மாநிலம் பிறந்தது. அதற்குப் பிறகு முதன்மைத் தலைவரை நியமித்தது அமெரிக்கக் குடியரசுத் தலைவர். செரோக்கியர் தங்கள் தலைவரைத் தாங்களே மறுபடி தேர்ந்தெடுத்தது 1971இல்தான். ஒரு தலைமுறை முழுதும் பள்ளியில் ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்டது. மொழி பேசினால் அடி வாங்கிய பிள்ளைகள், தாங்கள் பெற்றோர் ஆனபோது குழந்தைகளிடம் அதைப் பேசவில்லை. பயத்தால் மட்டுமல்ல, பிள்ளைகள் மேலுள்ள அன்பாலும்தான் பேசவில்லை. ஒரு மொழி வீட்டைவிட்டுப் போவதற்கு அவ்வளவு போதும்.

இப்போது 1980களின் தொடக்கத்துக்கு வருகிறேன். ஓக்லஹோமாவின் அடேர் மாவட்டத்தில் பெல் என்று ஒரு சிற்றூர். பெரும்பாலும் செரோக்கி பேசுகிறவர்கள், ஏழைகள். பல வீடுகளில் குழாய் கிடையாது. தண்ணீர் வெளியிலிருந்துதான் சுமந்து வர வேண்டும். செரோக்கி அரசின் ஊழியராக வில்மா மேன்கில்லர் என்ற பெண் அந்த ஊருக்குப் போனார். அவருக்கே பத்து வயது இருக்கும்போது, 1956இல், பழங்குடிகளை நகரங்களுக்குக் குடிபெயர்க்கும் அரசுத் திட்டத்தில் குடும்பத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய், வளர்ந்த பிறகு மண்ணுக்குத் திரும்பி வந்தவர். ஊருக்கு என்ன வேண்டும் என்று ஊர்க்காரர்களையே கேட்டார். தண்ணீர் என்றார்கள். சரி, பணமும் பொருளும் பொறியாளரும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். குழாய் பதிக்கும் உழைப்பு உங்களுடையது என்றார். அந்த ஊர் ஆட்கள் வேலை செய்யமாட்டார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு இருந்தது. பதினாறு மைல் நீளத்துக்குக் குழாய் போட வேண்டும். தரையோ கல்லும் பாறையும். ஆணும் பெண்ணும் முறைவைத்து வந்து பள்ளம் தோண்டி, குழாயை இறக்கி, மூடி, தங்கள் தண்ணீரைத் தாங்களே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஊரே கூடி ஒருவருக்கொருவர் வேலை செய்து கொடுக்கும் இந்த முறைக்குச் செரோக்கியில் கடுகி என்று பெயர். பழைய நாளில் வயல் வேலைக்கும், வீடு கட்டவும், முடியாதவருக்கு விறகு வெட்டவும், இறந்தவருக்குக் குழி தோண்டவும் கூடிய கூட்டம் அது. மேன்கில்லர் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. அந்த ஊருக்குள் உறங்கிக் கிடந்ததை எழுப்பினார். அந்த வேலையில் அவரோடு நின்ற சார்லி சோப் பின்னால் அவருடைய கணவர் ஆனார். 1985இல் மேன்கில்லர் முதன்மைத் தலைவர் பொறுப்புக்கு வந்தார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண். பெண் தலைவரா என்று எதிர்த்தவர்களும் உண்டு. தாய்வழிக் குலங்கள் கொண்ட மக்களிடையே அப்படி ஓர் எதிர்ப்பு வந்தது வருத்தமான செய்தி. வெள்ளைக்காரப் பள்ளியும் சட்டமும் எவ்வளவு ஆழமாக வேலை செய்திருந்தன என்பதற்கு அது சாட்சி. 1991 தேர்தலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வாக்கு வாங்கி அவரே மறுபடி வந்தார். 2022இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயம் ஒன்றில் அவர் உருவம் இருக்கிறது. பக்கத்தில் செக்வோயாவின் எழுத்தில் செரோக்கி நேஷன் என்று பொறித்திருக்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது இந்தப் பெல் ஊர்க் குழாயோடு சேர்ந்த விஷயம்தான். செரோக்கியரின் பண்பாடு இன்று உயிரோடு இருக்கும் இடங்களையெல்லாம் பார்த்தால், அங்கே யாரோ ஒருவர் முறை போட்டு வேலை செய்துகொண்டிருக்கிறார், அதற்கு ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது, பணம் ஒதுக்கியிருக்கிறது. பெருமை பேசுவது அவர்களிடமும் உண்டு. மொழியும் விதையும் ஆட்டமும் தப்பிப் பிழைத்தது அந்தப் பேச்சால் அல்ல.

மொழியை எடுத்துக்கொள்வோம். டர்பின் ஃபீலிங் என்று ஓர் அறிஞர். 1946இல் பிறந்தவர், வியட்நாம் போருக்குப் போய்வந்தவர், 1975இல் வெளிவந்த செரோக்கி அகராதி அவருடைய உழைப்பு. 2019இல் சரளமாகப் பேசுவோருக்கென்று செரோக்கி அரசு ஒரு கையெழுத்துப் பதிவேடு திறந்தபோது முதல் கையெழுத்து அவருடையது. அதே ஆண்டு அவர் பெயரால் ஒரு மொழிச் சட்டம் வந்தது, தொடக்கத்திலேயே 1.6 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு அவர் காலமானார். டாலிக்வாவில் பழைய சூதாட்ட விடுதிக் கட்டடம் ஒன்று காலியாக இருந்தது. அதை எடுத்து, மாற்றிக் கட்டி, 2022இல் டர்பின் ஃபீலிங் மொழி மையம் என்று திறந்தார்கள். முழுப் பாடமும் செரோக்கியில் நடக்கும் பள்ளி, மொழிபெயர்ப்பாளர்கள், பெரியவர்களுக்கான பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அந்தப் பெரியவர்களுக்கான பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான். குரு, சீடர் முறை. வயதுவந்த ஒருவர் சேர்ந்தால் இரண்டு ஆண்டு, வாரத்துக்கு நாற்பது மணி நேரம், தாய்மொழிக்காரர்களோடு உட்கார்ந்து செரோக்கியிலேயே இருக்க வேண்டும். அதுவே அவருடைய வேலை. அதற்கு உதவித்தொகை உண்டு. மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு என்று பல ஆண்டு நடத்திப் பார்த்தவர்கள்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள். குடும்பம் உள்ளவர், வாடகை கொடுக்க வேண்டியவர், ஓய்வு நேரத்தில் ஒரு மொழியைக் கற்றுப் பேச்சுக்குக் கொண்டுவர முடியாது. செரோக்கி வினைச்சொல்லில் யார் செய்தார், யாருக்குச் செய்தார், எந்தக் காலம், கையில் எடுத்த பொருள் உருண்டையா நீளமா நீர்மமா உயிருள்ளதா என்பதுவரை ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். அதைக் காதுக்கும் நாக்குக்கும் பழக்க நாள் முழுதும் வேண்டும். பேசத் தெரிந்த முதியவர்களையும் மேடையில் சால்வை போட்டு அனுப்பிவிடவில்லை. அவர்களுடைய வீட்டைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறார்கள். சிலருக்கு மொழி மையத்தின் அருகிலேயே சிறு வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், கற்கிறவர்கள் நினைத்தபோது போய்ப் பேசலாம் என்று.

குழந்தைகளுக்கான பள்ளி 2001இல் மழலையரோடு தொடங்கியது. பாடநூல் கிடையாது. கணக்கு, அறிவியல், புவியியல் எல்லாவற்றுக்கும் சொல் உண்டாக்கி எழுத வேண்டியிருந்தது. கிழக்குச் செரோக்கியரும் 2004 முதல் நியூ கிட்டூவா என்ற பள்ளியை நடத்துகிறார்கள். அவர்களிடம் தாய்மொழிக்காரர்கள் இன்னும் குறைவு, இருநூறு பேருக்கும் உள்ளேதான். எழுத்து, கணினிக்கான பொதுக் குறியீட்டுக்குள் 1999இல் நுழைந்தது. 2010இல் ஐஃபோனுக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் செக்வோயாவின் எழுத்தில் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள்.

அடுக்களைக்கு வருவோம். கனுச்சி என்று ஓர் உணவு. இலையுதிர் காலத்தில் ஹிக்கரி மரத்தின் கொட்டைகளைப் பொறுக்கிக் காயவைத்து, உடைத்து, பெரிய ஓடுகளைச் சலித்து எடுத்துவிடுவார்கள். மரத்தண்டைக் குடைந்த உரலில் போட்டு நீண்ட உலக்கையால் இடிப்பார்கள். பருப்பின் எண்ணெய் கசிந்து, மாவு தானாகப் பிடிபடும் பதத்துக்கு வரும்வரை இடிக்க வேண்டும். அதைக் கையளவு உருண்டையாக உருட்டி வைத்துக்கொண்டால் குளிர்காலம் முழுதும் ஆகும். வேண்டியபோது ஓர் உருண்டையைக் கொதிநீரில் கரைத்து, மிச்சமிருக்கும் ஓட்டுத்தூள் போக வடிகட்டினால் பால் நிறத்தில் கொழுமையான சாறு வரும். அதில் வேகவைத்த மக்காச்சோளத்தையோ சோற்றையோ கலந்து, இனிப்புச் சேர்த்து உண்பார்கள். தனியாளாகச் செய்தால் கை ஓய்ந்துவிடும் வேலை. உலக்கைக்கு ஆள் மாற்றிக் கொடுக்க நாலு பேர் வேண்டும், அதனாலேயே இது வீட்டார் கூடுகிற வேலையாக இருக்கிறது. குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஓடைக்கரைகளில் காட்டு வெங்காயம் முளைக்கும். அதைப் பறித்து, முட்டையோடு வதக்கி, சிற்றூர்த் தேவாலயங்களில் ஊர் விருந்து போடுவார்கள்; வசூல் பொதுக் காரியத்துக்கு.

அந்தத் தேவாலயங்களையும் மறக்கக் கூடாது. செரோக்கியரில் மிகப் பலர் கிறித்தவர்கள். செரோக்கிப் பாட்டுப் புத்தகமும் விவிலியமும் மொழியை எத்தனையோ வீடுகளில் காப்பாற்றின. பழங்குடி என்றால் பழைய சடங்கு மட்டும்தான் உண்மை என்று நினைக்கிறவர்கள் இந்த மக்களின் பாதி வாழ்க்கையைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

விதைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 2006 முதல் செரோக்கி நேஷன் நாட்டு விதை வங்கி நடத்துகிறது. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, சுரை, சடங்குக்கான புகையிலை என்று பழைய வகைகளை ஆண்டுதோறும் குடிமக்களுக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ அடுக்குமாடியில் இருக்கும் குடும்பம் மாடித் தொட்டியில் பாட்டன் காலத்துப் பீன்ஸைப் போடுகிறது. 2020இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் உலக விதைக் காப்பகத்துக்கு ஒன்பது வகை விதைகளை அனுப்பினார்கள். அமெரிக்கப் பழங்குடி அரசு ஒன்று அங்கே விதை வைத்தது அதுவே முதல்முறை. வெள்ளைக் கழுகுச் சோளம் என்று அவர்கள் மிகப் புனிதமாகக் கருதும் வகையும் அதில் உண்டு.

இனி ஆட்டமும் பாட்டும். இரவு நடனம் நடக்கும் திடலில் நடுவே தீ. சுற்றிலும் ஏழு குலத்துக்கும் ஏழு பந்தல். முன்னால் போகும் ஆண் ஓர் அடியைப் பாடுவார், பின்னால் வருகிறவர்கள் திருப்பிப் பாடுவார்கள். தாளம் பெண்களிடம் இருக்கிறது. ஆமையோடுகளுக்குள் கூழாங்கல் போட்டுக் கெண்டைக்காலில் அடுக்காகக் கட்டிக்கொண்டு, அடிவைத்துக் குலுக்குவார்கள். ஆமையோட்டுக்குப் பதிலாகப் பால் தகர டப்பாக்களைக் கட்டிக்கொள்வதும் வெகுநாளாக வழக்கம். அதைக் கலப்படம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பெண்கள் காலில் ஓசை இல்லாமல் பாட்டு எழாது. தீயை இடப்புறமாகச் சுற்றி விடியும்வரை நடக்கும். படம் எடுக்க விடமாட்டார்கள்; அது சரியென்றே எனக்குப் படுகிறது. இந்தத் திடல்கள் தொடர்ந்து நிற்பதற்கு ரெட்பேர்ட் ஸ்மித் என்பவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். நிலத்தைத் துண்டுபோட்ட காலத்தில் பதிவேட்டில் பெயர் கொடுக்க மறுத்து, சிறைக்கும் போய், கலைந்த திடல்களில் மறுபடி தீ மூட்டியவர்.

தேசியத் திருநாளில் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டால் கோலி ஆட்டத்தைப் பாருங்கள். நம்மூர்ச் சிறுவர்களின் கோலி இல்லை இது. பில்லியர்ட்ஸ் பந்தளவு குண்டு, முன்பு கல்லில் செதுக்குவார்கள். நூறடி நீளத்துக்கு ஐந்து குழிகள், வரிசை கடைசியில் மடங்கும். பெரியவர்கள் அணி பிரிந்து ஆடுவார்கள், எதிரியின் குண்டைத் தூர அடித்துவிட்டுக் குழிக்குள் போவார்கள்.

இன்னொரு வழக்கம் நடக்க நடக்கவே பாரம்பரியமாகிக்கொண்டிருக்கிறது. 1984இல் ஓர் இளைஞர் குழு கண்ணீர்ப் பாதையில் மிதிவண்டி ஓட்டியது. 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. கிழக்குச் செரோக்கியரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நியூ எக்கோட்டாவிலிருந்து டாலிக்வாவரை ஏறக்குறைய 950 மைல். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் வம்சாவளியைத் தேடிக் கொடுக்கிறார்கள். குழுவில் பக்கத்து மிதிவண்டிக்காரர் உறவு என்று சிலருக்கு அப்போதுதான் தெரியவருகிறது.

ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது. வசதியான செரோக்கியர் சிலர் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். கண்ணீர்ப் பாதையில் அந்த அடிமைகளும் நடந்தார்கள். 1866 ஒப்பந்தம் விடுதலையானவர்களுக்கும் வழித்தோன்றல்களுக்கும் செரோக்கியருக்குள்ள உரிமை முழுதும் உண்டு என்றது. ஆனாலும் 2007இல் வாக்கெடுப்பு நடத்தி அவர்களை வெளியேற்றினார்கள். 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2021இல் செரோக்கி உச்ச நீதிமன்றமே ‘இரத்தவழி’ என்ற சொல்லைச் சாசனத்திலிருந்து நீக்கியது. தங்களுக்கு அளித்த ஒப்பந்தத்தை மீறியவர்களை எதிர்த்து இருநூறு ஆண்டு வாதாடிய மக்கள், தாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறினார்கள். திருத்திக்கொண்டார்கள் என்பதும் வரலாறுதான்; ஆனால் அந்தக் குடும்பங்கள் இழந்த ஆண்டுகள் இழந்தவைதான்.

மலைப் பக்கமும் மாற்றங்கள் நடக்கின்றன. செரோக்கியர் தங்கள் தாயூராகப் போற்றும் கிட்டூவாவின் மண்மேடு உள்ள வயலைக் கிழக்குச் செரோக்கியர் 1996இல் விலை கொடுத்து வாங்கினார்கள். தங்கள் மண்ணைத் தாங்களே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2024இல் ஸ்மோக்கி மலையின் மிக உயர்ந்த சிகரத்துக்கு, ஒரு படைத்தலைவரின் பெயரை எடுத்துவிட்டு, குவோஹி என்ற பழைய பெயரையே அமெரிக்க அரசு திரும்ப வைத்தது. அதைக் கேட்டு மனுப்போட்டு அலைந்தவர்கள் கிழக்குச் செரோக்கியப் பெண்கள் இருவர்.

இனி இந்த மொழி என்ன ஆகும்? மையத்தில் பயின்று வெளியே வந்தவர்கள் ஆசிரியர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் வேலைக்குச் சேர்கிறார்கள், அது கண்கூடு. பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடித்தால் ஆங்கில உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அம்மா அப்பாவுக்குச் செரோக்கி தெரியாது. தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாம் ஆங்கிலம். பயிற்சி முடித்த சில இளம் பெற்றோர் தங்கள் கைக்குழந்தையிடம் செரோக்கியிலேயே பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலாம், கட்டடம் கட்டலாம். சோறூட்டும்போது என்ன மொழியில் பேசுவது என்பதற்கு எந்த அரசும் சட்டம் போட முடியாது. அந்தக் குழந்தைகள் பேச்சு வந்த பிறகு தங்களுக்குள் விளையாடும்போது எதில் சண்டை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது மீதி. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டில் தெரியும். கவனித்துக்கொண்டிருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.